பழைய பாணி ரைஃபிளுக்கு வால்நட் கட்டை: கையாலேயே செய்து முடிக்க ஒரு முழு வழிகாட்டி

நல்ல பழைய ரைஃபிள் ஒன்றைக் கையில் கொடுத்தால், விஷயம் தெரிந்தவர் முதலில் குறி பார்க்க மாட்டார். இரும்பும் மரமும் சேர்கிற விளிம்பை நகத்தால் தடவிப் பார்ப்பார். நகம் நுழையவில்லை என்றால்தான் மற்றதைப் பார்ப்பார். மரத்தின் பூ (ரேகைகள் போடும் அலங்காரம்), எண்ணெயின் மினுமினுப்பு எல்லாம் அதற்கு அப்புறம். அந்த விளிம்பை அப்படிக் கொண்டுவருவதற்குத்தான் இந்த வேலையின் பாதி நாட்கள் போகும். அதனால் இந்தக் கட்டுரையிலும் பெரிய பங்கு அதற்கே போகிறது.

முதலில் எல்லையைச் சொல்லிவிடுகிறேன். இங்கே நாம் செய்யப் போவது மர வேலை மட்டும், அதாவது இரும்பைத் தாங்கித் தோளில் பதிகிற கட்டை. குழல், ரிசீவர் (குழல் திருகி நிற்கிற நடு இரும்புக் கூடு), போல்ட் (தோட்டாவை அறைக்குள் தள்ளிப் பூட்டும் தண்டு), விசை ஆகியவை பொருந்திய முழு இரும்புப் பகுதியைச் சட்டப்படி, உரிமத்தோடு வாங்க வேண்டும். குழலை மாற்றுவது, விசையின் எடையைக் குறைப்பது போன்றவை உரிமம் பெற்ற துப்பாக்கிக் கம்மியரின் வேலை. தோட்டா அறையின் அளவு சரியா என்று சோதிப்பதும் அவர்தான். அந்தச் சோதனை முடிந்த இரும்புப் பகுதியைத்தான் (இனி இதை ஆக்ஷன் என்கிறேன்) பட்டறைக்குக் கொண்டுவர வேண்டும். கட்டையை மாற்றுவதற்கும் சில நாடுகளில் விதிகள் இருக்கின்றன, விசாரித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு நாளும் வேலை தொடங்கும்போது போல்ட்டைத் திறந்து, அறையில் தோட்டா இல்லை என்பதைக் கண்ணாலும் சுண்டுவிரலாலும் பாருங்கள். நேற்றுப் பார்த்தது கணக்கில் சேராது. தோட்டாக்கள் பட்டறைக்குள்ளேயே வரக் கூடாது.

எந்த ஆக்ஷன்?

பழைய பாணி வேட்டை ரைஃபிள் என்றவுடன் மனதில் வரும் உருவத்துக்கு மூலம் 1898-இல் வந்த மவுசர் ஆக்ஷன். லண்டனில் ரிக்பி போன்ற பட்டறைகள் அதை வைத்துச் செய்த ஒல்லியான ரைஃபிள்கள் இன்றைக்கும் அளவுகோலாக இருக்கின்றன. சம்பாவத் ஆட்கொல்லிப் புலியைச் சுட்டதற்காக 1907-இல் வேட்டைக்காரர் ஜிம் கார்பெட்டுக்குப் பரிசாகக் கிடைத்த .275 ரிக்பியும் இந்த இனம்தான். அந்த .275 என்பது வேறொன்றுமில்லை, 7×57 மவுசர் தோட்டாவுக்கு ஆங்கிலேயர் வைத்த பெயர்.

முதல் முறை செய்பவருக்கும் மவுசர் வகைதான் வசதி. ஒரே நீளக் கட்டை, அடியில் இரண்டு திருகு, தெளிவான வடிவம். பழைய பிரிட்டிஷ் ராணுவ ரைஃபிளான லீ-என்ஃபீல்டில் குழலுக்கு அடியிலுள்ள முன்கட்டையும் தோளில் பதியும் பின்கட்டையும் தனித்தனி, நடுவில் ரிசீவர். அது வேறு கணக்கு, முதல் வேலைக்கு வேண்டாம். இன்னொன்று: பாகங்களில் பொறித்த எண்கள் எல்லாம் ஒத்துப்போகிற, கை படாத பழைய ராணுவ ரைஃபிள் கிடைத்தால் தயவுசெய்து அதை அறுக்காதீர்கள். அதை அப்படியே விற்றுவிட்டு, ஏற்கெனவே யாரோ வெட்டிக் கெடுத்த ஒன்றை வாங்கிக்கொள்ளலாம். உலகப் போர்களுக்குப் பிறகு அப்படி மாற்றியமைக்கப்பட்டவை நிறையவே இருக்கின்றன.

மரம்

வால்நட்டை ஏன் எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள்? எடை குறைவு, உதை தாங்கும், உளிக்கு இணங்கும், ஈரம் ஏறி இறங்கினாலும் அதிகம் முறுக்கிக்கொள்ளாது. ஐரோப்பிய வால்நட் நார் நெருக்கமானது, நுணுக்கமான வேலைக்கு ஏற்றது. அமெரிக்கக் கறுப்பு வால்நட் கொஞ்சம் திறந்த நார், துளைகளை நிரப்ப அதிக நேரம் பிடிக்கும், மற்றபடி குறையில்லை.

கட்டைத் துண்டு சுமார் 90 செ.மீ. நீளம், 6 செ.மீ. தடிமன், பின்பக்கம் 18 செ.மீ. அகலம் இருந்தால் போதும். வாங்கும்போது பூவைப் பார்த்து மயங்கிவிடாதீர்கள். கை பிடிக்கிற ஒடுங்கிய கழுத்து எங்கே வரும் என்று முதலில் பாருங்கள். அங்கே ரேகை கழுத்தின் வளைவோடு சேர்ந்து நீளவாக்கில் ஓட வேண்டும். குறுக்கே ஓடினால், எவ்வளவு அழகான கட்டையானாலும் ஒருநாள் அந்த இடத்தில் முறியும். சுருள் பூ பின்கட்டையில் இருக்கட்டும், அங்கே அது யாருக்கும் தொந்தரவு இல்லை. வைரம் பாய்ந்த பகுதியாகப் பாருங்கள், ஓரத்தில் வெளிறிய மரம் வேண்டாம்.

மரம் காய்ந்ததா என்பதைத் தட்டிப் பார்த்துச் சொல்லும் வித்தை எனக்கு வரவில்லை. தராசு வைத்திருக்கிறேன். துண்டை எடை போட்டு, தேதியோடு பென்சிலால் அதன் மேலேயே எழுதி, மாதம் ஒரு முறை மறுபடி போடுவேன். இரண்டு மூன்று மாதம் எடை மாறாமல் நின்றால்தான் அறுப்பேன். காற்றில் காய ஓர் அங்குலத் தடிமனுக்கு ஒரு வருஷம் என்பது மர வேலைக்காரர்களின் பழைய கணக்கு.

அளவு எடுத்தல்

கட்டை சுடுகிறவரின் உடம்புக்குத் தைப்பது. முக்கியமான அளவு, விசையின் முகத்திலிருந்து பின்கட்டையின் நடு வரை உள்ள நீளம். கடையில் வரும் ரைஃபிள்களில் இது பெரும்பாலும் 13½ அங்குலம், அதாவது சுமார் 34 செ.மீ. கை நீளமானவருக்குக் கூடும், குளிருக்குக் கனத்த உடை போடுகிறவருக்குக் குறையும்.

அடுத்தது, கன்னம் பதியும் மேல்விளிம்பு பார்வைக் கோட்டிலிருந்து எவ்வளவு கீழே இருக்க வேண்டும் என்பது. இரும்புக் குறியோடு சுடுவதானால் மேல்விளிம்பின் முன்முனையில் சுமார் 4 செ.மீ., பின்முனையில் 5 முதல் 6 செ.மீ. இறக்கம் பழைய பாணியில் சகஜம். தொலைநோக்கி பொருத்தப் போகிறீர்கள் என்றால் கண் மேலே ஏற வேண்டும், ஆகவே இறக்கம் குறைய வேண்டும். இரண்டுக்கும் ஒரே கட்டை என்று ஆசைப்பட்டால் இரண்டுக்கும் சரிவராது. கண்ணை மூடிக்கொண்டு ரைஃபிளைத் தோளுக்கு எடுத்து, கன்னத்தைப் பதித்து, அப்புறம் கண்ணைத் திறங்கள். குறி நேராகத் தெரிந்தால் கட்டை உங்களுடையது. மலிவான மரத்தில் ஒரு மாதிரி செய்து இதைப் பார்த்துவிட்டு வால்நட்டைத் தொடுவது நல்லது.

நடுக்கோடும் இரண்டு துளைகளும்

துண்டின் மேல்பக்கத்தையும் ஒரு பக்கவாட்டையும் இழைப்புளியால் சமப்படுத்தி, இரண்டும் சரியான மூலைமட்டத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். மேலே, கீழே, இரு முனைகளிலும் நடுக்கோடு போடுங்கள். பென்சில் வேண்டாம், கத்தி முனையால் கீறுங்கள். பென்சில் கோட்டின் தடிமனே இந்த வேலையில் பெரிய பிழை.

முன் திருகு, பின் திருகு இரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தை உங்கள் ஆக்ஷனிலேயே அளந்து, நிற்கும் துளைப்பானில் வைத்துத் துளையிடுங்கள். கைத் துளைப்பானில் போட்டால் சாயும். பிறகு நீளமான, தலையில்லாத இரண்டு கம்பித் திருகுகளை ரிசீவரில் மாட்டிக்கொண்டால், அவை தண்டவாளம் போல ஆக்ஷனை ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் நேராக இறக்கும். இதைச் செய்யாதவர்களின் பள்ளம் ஒவ்வொரு தடவையும் அரை மில்லிமீட்டர் பெரிதாகிக்கொண்டே போகும்.

பள்ளம் பறித்தல்

முதலில் அடிப்பகுதி: விசைக் காப்பும் தோட்டாக்கள் நிற்கும் மேகசின் பெட்டியும். அது நேராக உட்கார்ந்த பிறகு மேலே ஆக்ஷன், கடைசியில் குழலுக்கான நீளப் பள்ளம். அதிகப்படி மரத்தைத் துளைப்பானாலும் அகல உளியாலும் எடுத்துவிடலாம், கோட்டுக்கு ஒரு மில்லிமீட்டர் உள்ளேயே நின்றுகொள்ளுங்கள். அங்கிருந்துதான் உண்மையான வேலை.

இரும்பின் அடிப்பாகம் முழுக்கக் கறுப்பு தடவ வேண்டும். இதற்கென்றே விற்கிற கறுப்புப் பசை உண்டு. விளக்குக் கரியை எண்ணெயில் குழைத்தாலும் போதும். மெல்லிய படலமாக, இரும்பின் நிறம் லேசாகத் தெரிகிற அளவுக்கு. தடிமனாகப் பூசினால் படாத இடத்திலும் ஒட்டிப் பொய் சொல்லும். ஆக்ஷனை நேராக இறக்கி, கொட்டாப்புளியால் இரண்டு தட்டு தட்டி, நேராகவே தூக்குங்கள். மரத்தில் எங்கே கறுப்பு ஒட்டியிருக்கிறதோ அங்கே மட்டும் இரும்பு இடிக்கிறது. அந்தக் கறுப்பை மட்டும் சுரண்டி எடுங்கள். மரத்தை எடுப்பதாக நினைக்க வேண்டாம், கறுப்பை எடுப்பதாக நினைத்தால் கை தானாக அளவோடு நிற்கும். மறுபடி இறக்குங்கள், மறுபடி சுரண்டுங்கள்.

ஒரு மணி நேரத்தில் அரை மில்லிமீட்டர் இறங்கினால் நல்ல வேகம். நூறு முறைக்கு மேல் இறக்கித் தூக்க வேண்டிவரும். முதலில் மூன்று நான்கு இடங்களில் பெரிய திட்டாக ஒட்டும். போகப்போகத் திட்டுகள் சிறிதாகி, எண்ணிக்கை கூடி, கடைசியில் பள்ளம் முழுக்க மிளகு தூவியது போல் புள்ளி புள்ளியாக வரும். அப்படி வந்தால் உட்கார்ந்துவிட்டது என்று பொருள்.

இதில் மற்ற எல்லா இடத்தையும்விட முக்கியமான ஒன்று இருக்கிறது. ரிசீவரின் முன்பக்க அடியில் தடித்த பல் ஒன்று துருத்திக்கொண்டிருக்கும். அதுதான் ரீகாயில் லக். தோட்டா வெடிக்கும்போது வரும் உதை முழுவதையும் மரத்துக்குக் கடத்துவது அதன் பின்முகம். அந்த முகம் மரத்தில் முழுப் பரப்பும் ஒட்டி நிற்க வேண்டும். மாறாக, லக்கின் முன்னும் பக்கங்களிலும் அடியிலும் ஒரு தாள் கனத்துக்கு இடைவெளி வேண்டும். அங்கே மரம் தொட்டால் ஆக்ஷன் ஒவ்வொரு முறையும் வேறு வேறு விதமாக உட்காரும்.

ரிசீவரின் பின்முனையில் நீளும் வால் பகுதிக்குக் கதை நேர் எதிர். வாலுக்குப் பின்னால் மரம் அதைத் தொடவே கூடாது, ஒரு மில்லிமீட்டர் அளவுக்காவது சந்து விட வேண்டும். என் முதல் கட்டையில் அந்தச் சந்து அசிங்கமாகத் தெரியும் என்று நினைத்து, ஒரு மயிரிழை கூட விடாமல் இறுக்கமாகப் பொருத்தினேன். பார்ப்பதற்கு அவ்வளவு கச்சிதம். பத்தாவதோ பதினொன்றாவதோ தோட்டாவில் வாலுக்குப் பின்னால் ஒரு மெல்லிய கோடு தெரிந்தது. எண்ணெய்க் கீறல் என்று துடைத்துப் பார்த்தேன், போகவில்லை. அடுத்த முறை அது கழுத்து வரை ஓடியிருந்தது. உதை லக்கில் நிற்காமல் வாலில் போய் ஆப்பு அடித்ததுபோல் மரத்தைப் பிளந்திருக்கிறது. அந்தக் கட்டை இன்னும் பட்டறைச் சுவரில் தொங்குகிறது.

இரண்டு திருகையும் இறுக்கிய பிறகு ஒரு சோதனை. முன்கட்டையின் நுனியும் குழலும் சேரும் இடத்தில் விரலை வைத்துக்கொண்டு, பின் திருகை மெதுவாகத் தளர்த்துங்கள். விரலுக்கு அசைவு தெரிந்தால் ஆக்ஷன் வளைந்து உட்கார்ந்திருக்கிறது. இன்னும் கறுப்பு தடவ வேண்டும்.

பள்ளத்தில் எப்பாக்ஸி (இரண்டு பொருளைக் கலந்தால் கல்லாக இறுகும் பசை) போடலாமா? தூய்மைவாதிகள் முகம் சுளிப்பார்கள். நான் லக்கின் பின்னாலும் வாலின் அடியிலும் மட்டும் போடுகிறேன். மரம் சுருங்கினாலும் அந்த இரண்டு இடமும் அசையாது, வெளியே தெரியவும் செய்யாது. போடும்போது இரும்பு, திருகு எல்லாவற்றுக்கும் ஒட்டாத மெழுகை இரண்டு பூச்சு கொடுங்கள். லக்கின் முன், பக்கம், அடி மூன்றிலும் டேப் ஒட்டினால் மேலே சொன்ன இடைவெளி தானாகக் கிடைக்கும். இரும்பிலுள்ள எல்லாத் துளைகளையும் களிமண் பசையால் அடைத்துவிடுங்கள். ஒரு துளையை மறந்தால்கூட எப்பாக்ஸி அதில் புகுந்து ஆணி அடித்ததுபோல் பிடித்துக்கொள்ளும். அப்புறம் கட்டையை உடைத்துத்தான் ரைஃபிளை எடுக்க வேண்டும்.

வெளி உருவம்

உள் வேலை முடியும் வரை வெளியே கை வைக்காதீர்கள். சதுரமான துண்டை வைஸில் பிடிப்பது எளிது, உருண்டு போனதைப் பிடிப்பது தலைவலி. தோளில் படும் முனையை மூடும் பின்தகட்டையும் உருவம் செதுக்குவதற்கு முன்பே பொருத்திவிட வேண்டும். அதற்கும் அதே கறுப்புதான்.

முன்நுனிக்குக் கருங்காலியோ எருமைக் கொம்போ வைப்பது பழைய வழக்கம். மரத்தை நுனியில் அறுத்து, உள்ளே ஒரு குச்சி வைத்து எப்பாக்ஸியால் ஒட்டி, அப்புறம் கட்டையோடு சேர்த்தே செதுக்க வேண்டும்.

பக்கத் தோற்றத்தை வரைந்து, கோட்டுக்கு 3 மி.மீ. வெளியே அறுத்துவிட்டு, மர அரத்தை எடுங்கள். நேரடியாக உருட்டப் பார்க்காதீர்கள். முன்கட்டையைச் சதுரத்திலிருந்து எட்டுப் பட்டையாக்குங்கள், பிறகு பதினாறு, அதன் பிறகு உருட்டல். பட்டைகளின் விளிம்புகள் நேராக ஓடினால் உருண்டையும் நேராக வரும். புதியவர் செய்ததைத் தூரத்திலிருந்தே காட்டிக்கொடுப்பது தொப்பை. முன்கட்டை நடுவில் உப்பியிருக்கும், பின்கட்டையின் கீழ்க்கோடு மீன் வயிறு போலத் தொங்கும். ஒரு நேர்க்கோலை வைத்துப் பார்த்துக்கொண்டே இருங்கள். கழுத்து வட்டமாக வேண்டாம், முட்டை வடிவம் நல்லது. இருட்டில் எடுத்தாலும் ரைஃபிள் நேராக இருக்கிறதா என்று கை சொல்லிவிடும்.

எப்போது நிறுத்துவது? கண் திருப்தியான பிறகு, கண்ணை மூடிக்கொண்டு இரண்டு கையாலும் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் தடவுங்கள். கண்ணுக்குத் தெரியாத மேடு உள்ளங்கைக்குத் தெரியும்.

உப்புத்தாளும் ஈரமும்

அரத்தின் கீறல்களைச் சுரண்டுத் தகட்டால் எடுத்துவிட்டால் உப்புத்தாளின் வேலை பாதியாகும். 120, 180, 220 என்று போங்கள், எப்போதும் ரேகையோடு, எப்போதும் தாளுக்கு அடியில் ஒரு கட்டையோ கடினமான ரப்பரோ வைத்து. வெறும் விரலால் தேய்த்தால் மெல்லிய நார் குழியும், கூர்மையான விளிம்புகள் சோப்புக்கட்டி போல மழுங்கும். இரும்பைச் சுற்றி மரம் அரை மில்லிமீட்டர் உயர்ந்தே இருக்கட்டும். குழிந்துவிட்டால் திரும்பாது.

அடிபட்டுக் குழிந்த இடம் இருந்தால் தேய்த்துச் சமப்படுத்த வேண்டாம். ஈரத்துணியை மேலே போட்டு இஸ்திரிப் பெட்டியின் நுனியால் ஆவி பிடியுங்கள். நசுங்கிய நார் உப்பி எழுந்துவிடும். வெட்டுப்பட்ட நாருக்கு இது உதவாது.

220 முடிந்ததும் கட்டை முழுவதையும் ஈரத்துணியால் துடைத்துக் காயவிட்டால், மூன்று நாள் தாடி போல நார் சிலிர்த்து நிற்கும். அதை 320-ஆல் லேசாகச் சவரம் செய்துவிட்டு மறுபடி ஈரம் காட்டுங்கள். மூன்று நான்கு முறைக்குப் பிறகு சிலிர்ப்பு நின்றுவிடும். இதை விட்டுவிட்டு எண்ணெய் போட்டால், முதல் மழைத்தூறலில் கட்டை சொரசொரத்துப் போகும்.

எண்ணெய்

பழைய ஆங்கிலேயப் பட்டறைகளின் ஆதாரம் ஆளிவிதை எண்ணெய். காய்ச்சாத பச்சை எண்ணெய் காய நாட்கணக்காகும். 'கொதிக்கவைத்தது' என்று விற்பதில் சீக்கிரம் உலர்வதற்கான உலோக உப்புகள் சேர்ந்திருக்கும், நமக்கு அதுதான். ஈரத்தை இன்னும் நன்றாகத் தடுக்க வேண்டும் என்றால் டங் மரத்தின் விதையிலிருந்து எடுக்கும் டங் எண்ணெய். வெளிறிய மரத்துக்குச் சிவப்பேற்ற, சாயம் தரும் அல்கனெட் செடியின் வேரை எண்ணெயில் சில வாரம் ஊறவைப்பார்கள். எண்ணெய் மாணிக்க நிறத்துக்கு வரும், மரத்தில் ஏறியதும் அந்தச் சிவப்பு ரேகைக்கு அடியிலிருந்து தெரியும்.

முதல் பூச்சு டர்பன்டைன் கலந்து நீர்த்தது. உள்பள்ளம், பின்தகட்டின் அடி, முன்நுனி எல்லா இடத்துக்கும் குடிக்கிற வரை கொடுங்கள். வெளியே பளபளத்து உள்ளே பச்சையாக விட்ட கட்டை ஈரம் குடித்து முறுக்கும். நன்றாகக் காய்ந்ததும் துளை நிரப்பும் வேலை. கொஞ்சம் எண்ணெய் விட்டு 400 தாளால் ஈரமாகவே தேய்த்தால் மரத்தூளும் எண்ணெயும் சேர்ந்து சேறு மாதிரி வரும். அதை ரேகைக்குக் குறுக்கே துடைத்துத் துளைகளில் அடைத்துக் காயவிடுங்கள். ஐந்தாறு முறை செய்து, வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்துப் பார்க்கும்போது ஊசித்துளை எதுவும் தெரியவில்லை என்றால் போதும்.

அதன் பிறகு ஒரு நாளைக்கு ஒரு பூச்சு. பின்கட்டையின் ஒரு பக்கத்துக்கு மூன்று சொட்டு, அதற்கு மேல் வேண்டாம். உள்ளங்கை சூடேறும் வரை தேயுங்கள், மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். பத்து, பதினைந்து நாள் ஆகும். அவசரப்பட்டுத் தடிமனாகப் போட்டால் பிசுபிசுப்பு வாரக்கணக்கில் போகாது. கடைசியில் ராட்டன்ஸ்டோன் என்ற மெருகேற்றும் மென்கல் பொடியை எண்ணெயில் குழைத்துத் துணியால் தேய்த்தால் கண்ணாடிப் பளபளப்பு அடங்கி, முட்டை ஓடு போன்ற ஒளி வரும்.

எண்ணெய்த் துணிகளைக் கசக்கி மூலையில் போடாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் காற்றோடு சேர்ந்து உலரும்போது சூடு கிளம்பும். குவிந்த துணியில் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல், நெருப்பு வைக்காமலேயே தீப்பிடிக்கும். விரித்துத் திறந்த வெளியில் காயப்போடுங்கள், அல்லது தண்ணீர் நிரம்பிய தகர டப்பாவில் போட்டு மூடுங்கள்.

சொரசொரப்புக் கோடுகள், இரும்பின் நிறம்

பிடியிலும் முன்கட்டையிலும் வைரக் கட்டமாகக் கோடு இழைப்பது எண்ணெய் முடிந்த பிறகுதான். அங்குலத்துக்கு 20 கோடு, வைரத்தின் நீளம் அகலத்தைப்போல மூன்றரை மடங்கு என்பது பழகிய அளவு. முதல் இரண்டு கோடு கோணினால் பின்னால் வரும் எல்லாமே கோணும். வீணான துண்டில் ஒரு மாதம் பழகாமல் நல்ல கட்டையில் கை வைக்க வேண்டாம். முதல் ரைஃபிளை வழுவழுப்பாகவே விட்டாலும் ஒன்றும் குறைந்துவிடாது.

இரும்புக்குப் பழைய பாணியில் துருவேற்றிக் கறுப்பாக்கும் முறைதான் பொருந்தும். மெல்லிய துரு வரவழைத்து, காய்ச்சி வடித்த நீரில் கொதிக்கவைத்துக் கறுப்பாக்கி, மென்மையான கம்பித் தூரிகையால் துடைத்து, மறுபடி அதையே ஏழெட்டு முறை. கம்மியரிடம் கொடுத்துவிடுவதே நல்லது. ஆனால் பள்ளம் பறித்து முடித்த பிறகு கொடுங்கள், ஏனென்றால் கறுப்பு தடவிக் கொட்டாப்புளியால் தட்டும்போது புது நிறத்தில் கீறல் விழும்.

பூட்டிய பிறகு

முதலில் முன் திருகு, பிறகு பின் திருகு. குழலுக்கும் முன்கட்டைக்கும் நடுவே ஒரு தாளை நுழைத்து இழுத்தால், நுனியிலிருந்து ரிசீவருக்குச் சற்று முன் வரை தடையின்றி ஓட வேண்டும். கம்மியர் ஒரு முறை பார்த்து ஒப்புதல் சொன்ன பிறகு, அங்கீகரிக்கப்பட்ட சுடுதளத்தில்தான் முதல் சோதனை.

இருபது தோட்டாக்களுக்குப் பிறகு திருகுகளைத் தொட்டுப் பாருங்கள், மரம் கொஞ்சம் அமுங்கியிருக்கும், கால் சுற்று இறுகும். வீட்டுக்கு வந்ததும் ஆக்ஷனை வெளியே எடுத்து, லக்கின் பின்னால் உள்ள மரத்தை விளக்கின் கீழ் பாருங்கள். முகம் முழுவதும் ஒரே மாதிரிப் பளபளத்திருந்தால் சரி. ஒரு மூலை மட்டும் மினுமினுத்தால், கறுப்பு டப்பாவை மறுபடி திறக்க வேண்டியதுதான்.